வாசகர் கேள்வி–பதில்: மெதுவான நியூட்ரான்களின் இயற்பியல்

கேள்வி: அடிப்படைத் துகள்களை ஆராய ஜெனீவாவில் இருப்பது போன்ற பிரம்மாண்டமான துகள் மோதுவிகள் தேவை என்றே எண்ணியிருந்தேன். அணு உலையிலிருந்து கிடைக்கும் நியூட்ரான்களைக் கொண்டும் அந்த ஆராய்ச்சி நடக்கிறதாமே, எப்படி?

பதில்: ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போய்ப் புதிய துகள்களை உண்டாக்கிப் பார்ப்பது ஒரு வழி. நன்கு அறிந்த ஒரு துகளை எடுத்துக்கொண்டு, கோட்பாடு சொல்வதற்கும் அளவீடு காட்டுவதற்கும் இடையே மயிரிழை வேறுபாடாவது இருக்கிறதா என்று துருவுவது இன்னொரு வழி. நியூட்ரான் இதற்கு மிகவும் பொருத்தமானது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 58 மெகாவாட் ஆராய்ச்சி உலை நியூட்ரான்களைத் தருகிறது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிலையத்திலோ முடுக்கியிலிருந்து வரும் புரோட்டான்களை ஈயத்தின் மீது மோதவிட்டு நியூட்ரான்களைப் பெறுகிறார்கள்.

பிறக்கும்போது வினாடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாயும் அவை, உறைந்த டியூட்டீரியம் போன்ற கடுங்குளிர்ப் பொருள்களின் ஊடே கடந்து, வினாடிக்கு 8 மீட்டருக்கும் குறைவான வேகத்துக்குத் தணிகின்றன. இந்த 'மீக்குளிர்' நியூட்ரான்கள் மேல்நோக்கிக் கிளம்பினால் ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்துக்குள் புவியீர்ப்பு அவற்றைத் திருப்பிவிடும். தக்க பொருளால் ஆன சுவரில் பட்டால் எதிரொளிக்கும் என்பதால் கலத்தில் அடைத்து நிதானமாக ஆராயலாம்.

நியூட்ரானுக்குள் நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகியிருந்தால், பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருளைவிடப் பொருள் மிகுந்திருப்பதற்கான காரணத்துக்குத் துப்புக் கிடைக்கும். இயற்பியலாளர்கள் பர்செலும் ராம்சேயும் 1950-இல் தொடங்கி வைத்த தேடல் இது. ஷெரர் நிலையத்தின் 2020 முடிவுப்படி, நியூட்ரானைப் பூமியின் அளவுக்குப் பெருக்கினாலும் அந்த விலகல் ஓரிரு மைக்ரானை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டாது. எதுவும் அகப்படவில்லை என்பது ஏமாற்றமன்று. கோட்பாட்டாளர்களின் பல கணிப்புகள் அதனாலேயே அடிபட்டுப் போயின.

கேள்வி: நியூட்ரானின் ஆயுளுக்கு இரண்டு அளவுகள் சொல்லப்படுவது ஏன்?

பதில்: அணுக்கருவுக்கு வெளியே நியூட்ரான் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் எதிர் நியூட்ரினோவாகவும் சிதைகிறது (இது சராசரி ஆயுள், அரை ஆயுள் சுமார் 10 நிமிடம்). அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் நிலைக்காந்தங்களால் ஆன கிண்ணம் ஒன்றில் மீக்குளிர் நியூட்ரான்களை விட்டுவைக்கிறார்கள். கிண்ணத்துக்கு மூடி கிடையாது, புவியீர்ப்பே மூடி. குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் மிஞ்சியவற்றை எண்ணி 2021-இல் கண்ட ஆயுள் 877.75 வினாடி, பிழை அரை வினாடிக்கும் குறைவு. நியூட்ரான் கற்றையில் தோன்றும் புரோட்டான்களை எண்ணும் முறையிலோ, 2013-இல் வெளியான முடிவு 887.7 வினாடி; பிழை இரண்டு வினாடிக்குச் சற்று மேல்.

புரோட்டான்கள் குறைவாக எண்ணப்பட்டால் நியூட்ரான் மெதுவாகச் சிதைவதாக, அதாவது ஆயுள் நீண்டதாகத் தோன்றும். சில நியூட்ரான்கள் புரோட்டானைத் தராமல் கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் துகளாகச் சிதைகின்றனவோ என்று 2018-இல் ஒரு கருத்து எழுந்தது. கவர்ச்சியான கருத்துதான், ஆயினும் எண்ணிக்கையில் சில புரோட்டான்கள் தவறியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆதிப் பிரபஞ்சத்தில் எவ்வளவு ஹீலியம் விளைந்தது என்ற கணக்கு இந்த ஆயுளைச் சார்ந்திருப்பதால், இந்தப் பத்து வினாடி வேறுபாட்டை அலட்சியப்படுத்த இயலாது. ஜப்பானின் ஜே-பார்க் முடுக்கி வளாகத்தில் கற்றை முறையிலேயே புரோட்டானுக்குப் பதிலாக எலக்ட்ரானை எண்ணுகிறார்கள். கோளாறு புரோட்டான் எண்ணிக்கையில் இருந்தால் அங்கே கிடைக்கும் ஆயுள் கிண்ணத்தின் அளவோடு ஒத்துப்போகும். கரும்பொருள் சிதைவு மெய்யானால் அங்கும் நீண்ட ஆயுளே வர வேண்டும்.