எம்ஆர்என்ஏவின் மெத்தில் குறியும் புற்றுநோயும்: வாசகர் கேள்விகள்

டிஎன்ஏவில் பிறழ்வு இல்லாமல், டிஎன்ஏவின் செய்தியைப் புரதம் செய்யக் கொண்டுசெல்லும் எம்ஆர்என்ஏவில் ஒரு மெத்தில் (சிறு வேதித்தொகுதி) ஒட்டுவதாலேயே புற்று வளருமா?

ஏற்கெனவே தடம் புரண்ட செல்லுக்கு அது தீனி போடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். எம்ஆர்என்ஏவுக்குள் அதிகம் காணப்படும் குறி எம்6ஏ, அதாவது அடினீன் என்ற எழுத்தில் ஒட்டிய மெத்தில். ஓர் எம்ஆர்என்ஏவில் சராசரியாக 3 முதல் 5 வரை இருக்கும். மெட்டில்3, மெட்டில்14 இணைந்த நொதி இதை எழுதுகிறது. எஃப்டிஓ, ஆல்க்பிஹெச்5 என்ற நொதிகள் அழிக்கின்றன. ஒய்டிஹெச்டிஎஃப்2 என்ற புரதம் வந்து படித்தால் அந்த எம்ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். ஐஜிஎஃப்2பிபி புரதம் படித்தால் நிலைத்து நிற்கும். அப்படி மிக் மரபணுவின் எம்ஆர்என்ஏ நிலைத்தால் மிக் புரதம் பெருகி, செல் ஓயாமல் பிரியும்.

மெட்டில்3 புற்றை வளர்க்கிறது என்று ஓர் ஆய்வு, தடுக்கிறது என்று இன்னொன்று. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். அக்யூட் மைலாய்டு லுகீமியா என்ற இரத்தப் புற்றில் மெட்டில்3 மிகுந்து, மிக், செல் சாவைத் தடுக்கும் பிசிஎல்2 ஆகிய புரதங்களின் உற்பத்தியைக் கூட்டுகிறது. கருப்பை உட்சவ்வுப் புற்றிலோ கதை தலைகீழ்: மெட்டில்3-இன் இணையான மெட்டில்14-இன் 298ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் புரோலினாக மாறினால் எம்6ஏ குறைகிறது. செல் வளர்ச்சியைத் தூண்டும் ஏகேடி புரதத்துக்குக் கடிவாளம் போடும் பிஎச்எல்பிபி2 புரதமும் அதோடு குறைய, ஏகேடி கட்டவிழ்கிறது. ஆகவே மொத்த எம்6ஏ கூடியதா குறைந்ததா என்பது அரைகுறைக் கேள்வி. எந்த எம்ஆர்என்ஏவில், எந்த இடத்தில், படிப்பது யார் என்று பாருங்கள்.

மெட்டில்3-ஐ அடக்கிய சோதனை என்றால், வினையூக்கத் திறன் (மெத்தில் ஒட்டும் திறன்) இழந்த வடிவத்தைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்களா என்று தேடுங்கள். மெத்தில் ஒட்டாமலேயே அந்தப் புரதம் மொழிபெயர்ப்பைத் தூண்டும். அந்த ஒப்பீடு இல்லாத முடிவை நான் ஏற்பதில்லை.

மூலக்கூறுகளை எடையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் எம்6ஏ அளவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது. எங்கே பிழை?

முதலில் ரைபோசோம் ஆர்என்ஏவைச் சந்தேகியுங்கள். செல்லின் மொத்த ஆர்என்ஏவில் பெரும்பங்கு அதுதான். அதன் 18எஸ், 28எஸ் வகைகள் இரண்டிலும் தலா ஓர் எம்6ஏ உண்டு. சிறிது கலந்தாலும் கணக்கு கெடும். எம்ஆர்என்ஏவைத் தனியே எடுக்கும் பாலி-ஏ பிரித்தெடுப்பை இரண்டு முறை செய்து, ஆர்என்ஏவை அளவுவாரியாகக் காட்டும் பயோஅனலைசரில் 18எஸ், 28எஸ் முகடுகள் இரண்டும் மறைந்தபின் அளவிடுங்கள்.

எம்6ஏ உள்ள துண்டுகளை ஆன்டிபாடியால் பிடித்து வரிசைப்படுத்தும் மெரிப்-சீக் செய்வதானால் ஆர்என்ஏவைச் சுமார் 100 நியூக்ளியோடைடு துண்டுகளாக்குங்கள். ஆன்டிபாடியிடாத உள்ளீட்டு மாதிரியைத் தனியே வரிசைப்படுத்தாவிட்டால், அதிகம் வெளிப்படும் மரபணுக்கள் எல்லாம் முகடுகளாகத் தெரியும். எம்ஆர்என்ஏவின் 5' முனையில் உள்ள தொப்பியை ஒட்டிய எம்6ஏஎம் என்ற வேறொரு குறியையும் அதே ஆன்டிபாடி பிடிக்கும். 5' முனை முகடுகளை அப்படியே எண்ணாதீர்கள்.

மருந்து உண்டா?

மெட்டில்3-ஐத் தடுக்கும் எஸ்டிஎம்2457, 2021-இல் எலிகளில் லுகீமியாவைக் கட்டுப்படுத்தியது. அதே வழியில் உருவான எஸ்டிசி-15, 2022-இல் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைக்கு வந்தது. நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை இதற்காக நிறுத்திவைக்காதீர்கள்.