லேப்டாப் சூடு முதல் ஊதிய பேட்டரி வரை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் லேப்டாப் ரொம்ப சூடாகிறது. என்ன செய்வது?

பதில்: எந்த மாடல், வாங்கி எத்தனை வருடம், என்ன வேலை செய்யும்போது சூடாகிறது என்று ஒரு விவரமும் இல்லை. தயவுசெய்து இவற்றை எழுதுங்கள். அதற்குள் ஒரு சோதனை செய்து பாருங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து டாஸ்க் மேனேஜரைத் திறங்கள், ஓடும் ப்ரோகிராம்களின் பட்டியல் அதில் இருக்கும். சிபியு, அதாவது ப்ராசஸரின் உழைப்பு, பத்து சதவீதத்துக்குள் இருந்தும் ஃபேன் இரைந்தால் தூசி அடைத்திருக்கலாம், அல்லது ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். ஐம்பதுக்கு மேல் நின்றால் ஏதோ ஒரு ப்ரோகிராம் பின்னணியில் ஓடுகிறது. எது என்று அந்தப் பட்டியலிலேயே தெரியும்.

கேள்வி: கேம் ஆடும்போது 90 டிகிரி காட்டுகிறது. ப்ராசஸர் எரிந்துவிடுமா?

பதில்: எரியாது. பெரும்பாலான லேப்டாப் ப்ராசஸர்களின் உச்ச வரம்பு 100 டிகிரி வாக்கில் இருக்கும். அதை நெருங்கினால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போதே 90 என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: கட்டிலில் மெத்தைமேல் வைத்துதான் வேலை செய்வேன். கூலிங் பேட் வாங்கினேன், சூட்டைக் குறைக்கும் சாஃப்ட்வேர் ஒன்றும் போட்டேன். பலன் இல்லையே?

பதில்: எப்படி இருக்கும்? மெத்தையில் வைக்காதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி வருகிறது. பெரும்பாலான லேப்டாப்களில் ஃபேன் காற்றை அடிப்பக்கத் துளைகள் வழியாக இழுத்து, பக்கவாட்டிலோ திரையின் கீலுக்குப் பின்னாலோ வெளியே தள்ளுகிறது. மெத்தை அமுங்கியதும் அடித்துளைகள் அடைபடுகின்றன. காற்று உள்ளே போக வழியில்லை, ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் சூடு வெளியேறாது. கூலிங் பேடுக்கும் கீழிருந்துதான் காற்று வர வேண்டும், அதையும் மெத்தைக்குள் புதைத்துவிட்டீர்கள். ஒரு சமமான பலகை போதும். பின் விளிம்பை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தால் இன்னும் நல்லது.

அந்த சாஃப்ட்வேரை இன்றே நீக்குங்கள். ‘ஒரே க்ளிக்கில் கூல்’ என்று விளம்பரம் செய்யும் ப்ரோகிராமும் ஒரு ப்ரோகிராம்தான். அது ஓடவும் சிபியு உழைக்க வேண்டும், அதோடு விளம்பரமும் வேறு என்னவெல்லாமோ சேர்ந்து உள்ளே வரலாம். இதை நம்பி இருந்துவிட்டு, தூசியைக் கவனிக்காமல் லேப்டாப்பையே கெடுத்துக்கொள்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். விண்டோஸிலேயே வழி இருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 சதவீதமாக்குங்கள். பல லேப்டாப்களில் இது டர்போ வேகத்தை (ப்ராசஸர் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஓடுவதை) நிறுத்தி, சூட்டை நன்றாகக் குறைக்கும். அந்த அமைப்பு கண்ணில் படாவிட்டால் பவர் மோடைக் குறைந்த நிலைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: வேக்குவம் க்ளீனரால் தூசி எடுக்கலாமா?

பதில்: கூடாது. நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்கலாம். ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, அழுத்தக் காற்று அடைத்த டப்பாவால் விட்டு விட்டு ஊதுங்கள். ஃபேன் இறக்கை சுற்றாதபடி பிடித்துக்கொள்வது முக்கியம்.

கேள்வி: டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது, க்ளிக் ஆவதில்லை. அழுத்தி உட்கார வைக்கலாமா?

பதில்: தொடாதீர்கள்! அடியில் பேட்டரி ஊதியிருக்க வாய்ப்பு அதிகம். உடனே ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கலாம். எதற்கும் முதலில் பேக்கப் என்று சொல்கிற நானே சொல்கிறேன், பேக்கப் எடுக்கக்கூட இதை ஆன் செய்ய வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஃபைல்கள் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். சர்வீஸ் ஆளிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள்.

கேள்வி: டெஸ்க்டாப்பில் தினமும் தேதி பழையதாகிவிடுகிறது. வெப்சைட்டுகள் பாதுகாப்பில்லை என்கின்றன. வைரஸா?

பதில்: இல்லை. மதர்போர்டில் உள்ள காசு போன்ற பேட்டரி தீர்ந்திருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள். வெப்சைட்டின் சான்றிதழ் செல்லுமா என்று ப்ரவுசர் உங்கள் கடிகாரத்தை வைத்துதான் பார்க்கிறது.

கேள்வி: தினமும் ஷட் டவுன் செய்கிறேன், ஆனாலும் மந்தம். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறதே?

பதில்: விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற அமைப்பு ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் முழு ஷட் டவுன் ஆகாது, விண்டோஸின் ஒரு பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு மறுபடி ஏற்றப்படும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10-லேயே இருக்கலாமா?

பதில்: 2025 அக்டோபர் 14-உடன் அதன் வழக்கமான ஆதரவு முடிந்தது. பணப் பரிவர்த்தனை செய்யும் கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். மாறும் முன் பேக்கப்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கில் டக்டக் என்று சத்தம். டிஸ்க்கில் பிழை தேடும் செக் டிஸ்க் ஓட்டிப் பார்க்கவா?

பதில்: வேண்டாம். சாகக்கிடக்கும் டிஸ்க்கை அது மேலும் உழைக்க வைக்கும், அந்தச் சுமையிலேயே போய்விடலாம். டிஸ்க் இன்னும் திறந்தால், இழக்க முடியாத படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். சினிமாவும் பாட்டும் பிறகு. திறக்கவே இல்லையென்றால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாமல் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுங்கள்.