ஜெபிக்கும்போதே தூங்கிவிடுகிறேன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: படுக்கையில் இருக்கும் என் மாமியாரை இரண்டு ஆண்டுகளாக நான் ஒருத்தியாகவே கவனித்துவருகிறேன். முன்பெல்லாம் அதிகாலையில் ஒரு மணி நேரம் ஜெபித்து, வேதம் வாசிப்பேன். இப்போது முழங்காலில் நின்றால் அப்படியே தூங்கிவிடுகிறேன். “ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா?” என்று ஆண்டவர் சீஷர்களிடம் கேட்டது என்னைப் பார்த்துக் கேட்டதுபோலவே இருக்கிறது. என் விசுவாசம் அணைந்துகொண்டிருக்கிறதா? – ஒரு வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் குறிப்பிட்ட வசனத்தோடு நின்றுவிடாமல் அதற்கு அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். “ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது” என்று அதே மூச்சில் சொன்னவரும் அவரே. தூங்கிய சீஷர்களை அவர் கடிந்துகொண்டார் என்பது உண்மை. அவர்களுடைய தூக்கத்தின் காரணம் மனம் அல்ல, உடல் என்பதையும் அவர் அறிந்திருந்தார். இரவில் மூன்று முறை எழுந்து ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்தவருக்கு அதிகாலையில் கண் சொருகுவது அவிசுவாசம் அல்ல, அசதி.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை இந்த வாரம் நிதானமாக வாசித்துப்பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினியை வரவழைத்த எலியா, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்கிறான். தேவன் அவனுக்கு அப்போது பிரசங்கம் பண்ணவில்லை, நேற்று அவ்வளவு பெரிய அற்புதத்தைக் கண்டவனா இன்று இப்படிப் பேசுகிறாய் என்று கேட்கவும் இல்லை. அவனைத் தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா தின்று குடித்துத் திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி, “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்று சொல்லிச் சாப்பிடவைத்தான். “எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?” என்ற கேள்வி அதன்பின், 40 நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பிறகுதான் வருகிறது. நாமோ பெரும்பாலும் கேள்வியை முதலில் கேட்டுவிட்டு, சாப்பாட்டையும் தூக்கத்தையும் மறந்துவிடுகிறோம்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனை ஜெபத்தைப் பற்றியது அல்ல. வாரத்தில் இரண்டு இரவுகளாவது உங்கள் கணவரோ குடும்பத்தில் வேறொருவரோ இந்தப் பொறுப்பை ஏற்கும்படி, தயங்காமல் கேளுங்கள். எல்லாவற்றையும் தனியாகச் சுமப்பதே சாட்சி என்று யாரோ நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து” என்று எழுதிய பவுல் அதற்குப் பொறுப்பல்ல.

ஜெபத்துக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில், கர்மேல் என்ற துறவற சபையின் மடம் ஒன்றில் லாரன்ஸ் சகோதரர் என்று அழைக்கப்பட்ட ஒரு முன்னாள் போர்வீரர் இருந்தார். சமையலறை வேலையில் அவருக்கு இயல்பாகவே வெறுப்பு இருந்தும், 15 ஆண்டுகள் அதே வேலையைச் செய்தார். ஜெப நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்று பிரிக்காமல், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலேயே தேவனோடு பேசிப் பழகியதால்தான் 1691இல் இறந்த அவரை இன்றும் நினைவுகூர்கிறோம். நீங்களும் ஒரு சங்கீத வசனத்தை, ஒன்றே ஒன்றை, ஒரு வேலையோடு இணைத்துக்கொள்ளுங்கள்: படுக்கை விரிப்பை மாற்றும்போது இந்த வசனம் என்று. ஒரு மணி நேர ஜெபம் திரும்பிவரும் காலம் வரும்போது வரட்டும். அதுவரை இது அதற்குப் பதிலாகக் கொடுத்த குறைந்த காணிக்கை என்று எண்ணவேண்டாம்.

கேள்வி: வேலை இழந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. உபவாசித்து ஜெபித்தும் பதில் இல்லை. சபையில் சிலர், “உங்கள் விசுவாசம் போதவில்லை” என்கிறார்கள். எவ்வளவு விசுவாசம் இருந்தால் போதும்? – ஒரு வாசகர்

பதில்: சகோதரரே, அப்படிச் சொல்பவர்களிடம் கோபப்படாதீர்கள், ஆனால் அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு சத்தமிட்டதை மாற்கு எழுதியிருக்கிறார். பாதி விசுவாசமும் பாதி சந்தேகமும் கலந்த அந்த ஜெபம் தேறிவரும்வரை ஆண்டவர் காத்திருக்கவில்லை, மகனைக் குணமாக்கினார். இதே நிகழ்ச்சியை மத்தேயு சொல்லும்போது, “எங்களால் ஏன் முடியவில்லை?” என்று கேட்ட சீஷர்களுக்குத்தான் “உங்கள் அவிசுவாசத்தினாலேதான்” என்ற பதில் கிடைக்கிறது. துன்பப்படுகிறவனுடைய விசுவாசத்தை அளக்க அளவுகோலோடு புறப்படும் நமக்கு, போதகர்களாகிய எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இது சங்கடமான வாசிப்பு. வேலையிழந்த ஒருவரிடம் “விசுவாசமாயிருங்கள்” என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டு நிலையை விசாரிக்காமல் நானும் திரும்பியிருக்கிறேன்.

கடுகுவிதை உவமையில்கூட அளவு முக்கியமல்ல, விதை யாரை நம்பி விழுகிறது என்பதே முக்கியம். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை; “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்வதில்லை. உங்களுக்கும் இதே பதில்தான் என்று நான் சொல்லமாட்டேன், அது எனக்குத் தெரியாது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற உணவு ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அந்தந்த நாளுக்கு மட்டுமே கிடைத்தது. மறுநாளைக்கென்று எடுத்துவைத்ததில் புழு உண்டாயிற்று. “எட்டு மாதங்கள்” என்றும் “இன்னும் எத்தனை மாதங்கள்” என்றும் மொத்தமாகக் கணக்கிட்டு ஜெபிக்கும்போது மனம் சோர்ந்துபோவது இயல்பு. இன்று அனுப்பவேண்டிய ஒரு விண்ணப்பத்துக்காகவும் இன்று பேசவேண்டிய ஒரு மனிதருக்காகவும் ஜெபித்துவிட்டு, அதை இன்றே செய்யுங்கள்.

கேள்வி: நடக்காத விற்பனையை நடந்ததாகக் கணக்கில் எழுதும்படி என் மேலாளர் சொல்கிறார். மறுத்தால் வேலை போகலாம். “எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே செய்யுங்கள்” என்ற வசனத்தின்படி கீழ்ப்படிய வேண்டுமா? – ஓர் அலுவலர்

பதில்: வேண்டாம். கர்த்தருக்கென்று பொய்க்கணக்கு எழுத முடியாது. ஆனால் மறுக்கும் விதத்தில் தானியேலைப் பாருங்கள். ராஜாவின் போஜனத்தை மறுத்தபோது அவன் மேசையைத் தட்டவில்லை. பொறுப்பாளரிடம் வேண்டிக்கொண்டு, பத்து நாள் சோதித்துப்பாரும் என்று ஒரு மாற்று வழியையும் கையில் வைத்திருந்தான். நீங்களும் மெய்யான கணக்கை வைத்துக்கொண்டே மேலாளரின் நெருக்கடியைக் குறைக்க என்ன செய்யலாம் என்று யோசித்து, தனியாகச் சென்று பேசுங்கள். பேச்சு பலிக்காமலும் போகலாம். அக்கினிச்சூளையின் முன் நின்ற தானியேலின் தோழர்கள் மூவரும் “விடுவிக்காமற்போனாலும்” என்ற சொல்லைச் சேர்த்தே பேசினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஆராதனையில் எல்லோரும் கண்ணீர்விட்டு ஜெபிக்கிறார்கள். எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. நான் நடிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு கல்லூரி மாணவி

பதில்: மகளே, நடிக்கிறவர்களுக்கு இந்தப் பயம் வருவதில்லை. அன்னை தெரசா 1997இல் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து அவருடைய கடிதங்கள் வெளியானபோது, பல பத்தாண்டுகள் தேவனுடைய சமுகத்தை உணராமலே அவர் ஊழியம் செய்தார் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. 88ஆம் சங்கீதத்தின் கடைசி வரியும் விடியலில் முடியவில்லை, இருளில்தான் முடிகிறது. அதையும் சபை தன் ஜெபப்புத்தகமாகவே வைத்திருக்கிறது.

திமிர்வாதக்காரனை நான்கு பேர் கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு “அவர்கள் விசுவாசத்தைக்” கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் என்ன உணர்ந்தான் என்று எழுதப்படவில்லை. பாட முடியாத ஞாயிறுகளில் உதட்டை அசைத்துச் சமாளிக்க வேண்டாம். பக்கத்தில் நிற்பவர்கள் உனக்கும் சேர்த்துப் பாடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நில்.