ஏரிச் சேறும் மழைக் கணக்கும்

மதிப்புக்குரிய ஐயா,

லடாக்கின் மலையேரிகளில் அடிச்சேற்றை எடுத்துப் பத்தாயிரம் ஆண்டு மழையை அறிகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். திருகோணமலையில் போன மாரியில் மழை கூடவா குறைவா என்று கேட்டாலே ஆளுக்கொரு பதில் வருகிறது. சேற்றில் மழையின் அளவு எங்கே எழுதியிருக்கிறது? உயர்தரம் படிக்கும் என் மருமகன் இரண்டு ஆய்வுகளைக் காட்டினான். ஒரே காலத்தில் ஓர் ஏரி நிரம்பி இருந்ததாம், இன்னொன்று வற்றிக் கிடந்ததாம். இது அவரவர் வசதிக்குச் சொல்வதுதானே? உண்மையென்றால், நம் கந்தளாய்க் குளத்திலும் துளைபோட்டுப் பார்க்கலாமே?

க., உப்புவெளி

அன்புள்ள க. அவர்களுக்கு,

மழையின் அளவு சேற்றில் இல்லை. அங்கே இருப்பது ஏரிக்கு என்ன நேர்ந்தது என்பது மட்டும்தான். அதிலிருந்து மழைக்குப் போகும் வழி நீளமானது, இடையில் வழுக்கும் இடங்களும் உண்டு.

பாங்கோங், த்சோ மோரிரி போன்ற ஏரிகளுக்கு இன்று வடிகால் கிடையாது. ஆறும் பனியுருகலும் கொண்டுவரும் நீர் ஆவியாகித்தான் வெளியேற வேண்டும். நிலாவெளிப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பு படிகிறது, பிறகு ஜிப்சம், கடைசியில்தான் உப்பு. மலையேரியும் வறண்ட நூற்றாண்டுகளில் ஏறக்குறைய இதே வரிசையில் படிவுகளை விடுகிறது. ஒட்சிசன் இன்னொரு சாட்சி. ஆவியாகும்போது இலேசான ஒட்சிசன்-16 முந்திப் போய்விடும், கனமான ஒட்சிசன்-18 தங்கிவிடும். ஏரியில் வாழும் கடுகிலும் சிறிய ஓட்டுயிரிகள் அந்த நீரைக்கொண்டே ஓட்டைக் கட்டுகின்றன. ஓட்டிலுள்ள சமதானி விகிதத்தை, அதாவது இந்த இரண்டு ஒட்சிசன்களின் விகிதத்தை, பார்த்தால் நீர் எவ்வளவு சுண்டியிருந்தது என்று ஊகிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது மகரந்தம். மரமில்லாத அந்த மேட்டுநிலங்களில் எங்கும் நிறைந்திருப்பவை இரண்டு குடும்பம்: ஒன்று மாசிபத்திரியின் இனம், மற்றது உங்கள் ஊர் உவர்நிலத்தில் வளரும் உமரியின் இனம். சேற்றை அமிலத்தில் கரைத்து, கரையாமல் எஞ்சும் மகரந்தத்தை நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். ஒவ்வொன்றும் மில்லிமீற்றரில் நாற்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மாசிபத்திரி மணியில் மூன்று பள்ளங்கள் ஓடும்; உமரி இனத்து மணி உருண்டையாக, உடல் முழுக்கத் துளைகளோடு இருக்கும். ஒருமுறை பார்த்தவர் இவற்றை மாற்றிச் சொல்லமாட்டார். மாசிபத்திரிக்கு ஓரளவு ஈரம் வேண்டும், உமரி இனம் வறட்சியையும் உவரையும் தாங்கும். ஆகவே முதலாவது கூடினால் ஈரம், இரண்டாவது கூடினால் வறட்சி. ஆடுமாடு மேய்ந்த காலம் வந்துவிட்டால் இந்தக் கணக்குக் கெட்டுப்போகும். எந்தச் செடி மிஞ்சும் என்பதை அப்புறம் ஆட்டின் வாய்தான் முடிவு செய்கிறது.

இனி மருமகனின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு ஏரிகள் முரண்பட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது காலக்கணிப்பை. மேலே உள்ள சில அங்குலச் சேற்றில் சிக்கல் குறைவு: 1963 வாக்கில் அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கப் பொருளான சீசியம்-137 உச்சத்தில் படிந்தது, அந்தப் படலம் கிடைத்தால் போதும். ஆழத்தில், உயிர் இறந்தபின் சீராகக் குறைந்துகொண்டே போகும் காபன்-14ஐத்தான் நம்ப வேண்டும்; அது குறையக் குறைய வயது கூடும். அங்கேதான் வறண்ட மலை நம்மை ஏமாற்றுகிறது. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை. அதிலிருந்து கரைந்து வரும் மிகப் பழைய காபனை நீர்ப்பாசியும் நீர்ச்செடியும் உண்கின்றன. திபெத்திய மேட்டுநிலத்துச் சில ஏரிகளில் இன்று உயிரோடிருக்கும் நீர்ச்செடியைப் பறித்துக் கணித்தாலும் ஆயிரக்கணக்கான ஆண்டு வயது வரும். கரையில் நின்ற மரத்தின் இலையோ சுள்ளியோ சேற்றில் அகப்பட்டால் பிழை தீரும், அவை காற்றின் காபனை மட்டும் எடுப்பவை. ஆனால் மழையில்லாத மலையில் மரம் ஏது? எந்த வறட்சியை அறியப் போனோமோ அதுவே சாட்சியை அழித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, இந்தப் பிழை எல்லாக் காலத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஏரி விரிந்தபோது ஓர் அளவு, சுருங்கியபோது வேறு அளவு. மேற்பரப்பில் கண்ட பிழையை அடிவரை அப்படியே கழித்துவிடும் கட்டுரைகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

காலம் சரியாக இருந்தும் முரண்பாடு நின்றால் அது உண்மையாகவே இருக்கலாம். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் வடகோளக் கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் வந்தது, இந்தியப் பெருங்கடலின் பருவப்பெயர்ச்சி மழை வலுத்தது, அது எட்டும் மலைகளில் ஏரிகள் பெருகின. அதே காலத்தில், மேலைக்காற்று ஈரம் கொண்டுவரும் மத்திய ஆசியா வறண்டிருந்தது. மத்திய ஆசியாவின் தியான்ஷான் மலை அடிவாரத்துப் போஸ்தென் ஏரி நிரம்பியதே சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்புதான். சீன ஆய்வாளர் சென் ஃபாஹுவின் குழுவினர் 2008இல் பல ஏரிகளைச் சேர்த்துப் பார்த்து இந்த எதிர்த்திசைப் போக்கை எடுத்துக்காட்டினார்கள். வாடைக்காற்று திருகோணமலையை நனைக்கும் மாதங்களில் காலியில் அதே மழையை யாரும் எதிர்பார்ப்பதில்லையே.

நீர் உயர்ந்தால் மழை கூடியது என்றும் உடனே சொல்லிவிட முடியாது. 1990களின் பிற்பகுதியிலிருந்து திபெத்தின் உள்நாட்டு ஏரிகள் பல விரிந்துகொண்டிருக்கின்றன. மழை கூடியது ஒரு காரணம், பனியாறுகள் உருகுவது இன்னொன்று. நாளை அந்தச் சேற்றைப் படிப்பவர் இரண்டையும் பிரித்தறிய வேண்டியிருக்கும்.

கந்தளாய் மனிதர் கட்டிய குளம். நீர் உயர்வதும் தாழ்வதும் மழையோடு மதகுத் திறப்பையும் பொறுத்தது. 1986 ஏப்ரலில் அணை உடைந்தபோது வெள்ளம் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை உங்கள் பக்கத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாள் அடிச்சேற்றையும் சும்மா விட்டிருக்காது. வேளாண்மையையும் நீர்ப்பாசனத்தையும் பற்றி அந்தச் சேறு நிறையச் சொல்லும், பழைய மழையைப் பற்றிக் கொஞ்சம்தான். பழைய மழைக்கு நம் நாட்டில் ஹோட்டன் சமவெளியின் சதுப்புக் கரியை, அதாவது சதுப்பில் மக்கிப் படிந்த செடிகளின் அடுக்கைத்தான் நான் காட்டுவேன். அதன் மகரந்தத்தைக்கொண்டு 20,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிப் போயிருக்கிறார்கள்.

மருமகன் காட்டிய இரண்டு ஆய்வுகளிலும் திகதி அட்டவணையைத் தேடச் சொல்லுங்கள். எந்தப் பொருளைக் கணித்தார்கள் என்று ஒரு நிரல் இருக்கும். ஒன்றில் நிலச்செடியின் சுள்ளி என்றும் மற்றதில் மொத்தச் சேறு என்றும் போட்டிருந்தால், முதலில் திகதிகளைச் சரிபார்க்கட்டும்; எந்த ஏரி எப்போது வற்றியது என்ற வழக்கை அதற்குப் பிறகு எடுக்கலாம்.