கேட்டலினா கோபியைக் கோமாளி மீனோடு விடலாமா?

கேள்வி: எங்கள் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் 27 டிகிரியில் இரண்டு கோமாளி மீன்களும் மென்பவளங்களும் இருக்கின்றன. கடையில் கேட்டலினா கோபி என்று சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீனைப் பார்த்தோம். செக்கச்செவேலென்ற உடம்பில் மின்னும் நீலப் பட்டைகள். 25 டிகிரி தொட்டியில் துறுதுறுவென்று இருந்தது. வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நம்மூர் உளுவைக்கு உறவுதான், ஆனால் இது குளிர்நீர் மீன். கலிஃபோர்னியாவின் மோரோ பே தொடங்கித் தெற்கே கலிஃபோர்னியா வளைகுடா வரை பாறை இடுக்குகளில் வாழ்கிறது. ஆபத்தென்றால் கடல் முள்ளெலியின் முட்களுக்கிடையே புகுந்துகொள்ளும். தொட்டியில் இதற்கு 16 முதல் 20 டிகிரி வேண்டும்.

சூடான நீரில் இது சட்டென்று சாகாது. ஏமாற்றம் அங்கேதான். வெப்பம் ஏற ஏற மீனின் உடம்புக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. நீரில் கரைந்திருப்பதோ குறையும். 16 டிகிரி கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மி.கி. தாங்கும், 28 டிகிரியில் 6.4 தான். கடையில் செவுளைக் கவனியுங்கள்: வயிற்றடித் துடுப்புகள் இணைந்த ஒட்டுக்கிண்ணத்தால் பாறையில் ஒட்டிச் சும்மா அமர்ந்திருக்கும்போதும் செவுள்மூடி படபடவென்று அடித்தால், அது மூச்சுத் திணறல். இயற்கையிலேயே இதன் ஆயுள் இரண்டு வருடத்துக்குள். சூட்டில் அதுவும் சில மாதங்களாகச் சுருங்கிவிடும். கோமாளி மீனுக்குச் சூடான நீர் வேண்டும் என்பதால் உங்கள் தொட்டியைக் குளிர்விக்கவும் முடியாது.

ஆசை விடவில்லையென்றால் தனியாக 60 லிட்டர் தொட்டி போதும். செலவு சில்லரில்தான், அதாவது நீரைக் குளிர்விக்கும் கருவியில். அறை 30 டிகிரி என்றால் 12 டிகிரி இறக்கும் திறனுள்ளதாக வாங்கி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மூடிய அலமாரிக்குள் வைத்தால் தான் கக்கும் சூட்டையே திரும்ப இழுக்கும். மெல்லிய கண்ணாடி வியர்த்து மேசை ஊறும், ஆகவே தடித்த அக்ரிலிக் நல்லது. நீரைச் சுற்றவைக்கும் மோட்டாரும் நீரைச் சூடாக்கும் என்பதால் அது குறைந்த வாட்டில் போதும். மீன் துள்ளும், வலைமூடி கட்டாயம். 25 டிகிரியிலிருந்து வந்ததை நாளுக்கு ஒரு டிகிரியாக இறக்குங்கள். நறுக்கிய மைசிஸ் இறாலை இரண்டு வேளை, சிட்டிகை அளவு கொடுங்கள்.

கேள்வி: ஆண், பெண் எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: பார்க்கத் தேவையில்லை. வெவ்வேறு அளவில் நான்கைந்து விடுங்கள். வழக்கமாகப் பெரியது ஆணாகும். அது செத்தால் அடுத்த பெரிய பெண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆணாக மாறிவிடும். தன்னைவிடப் பெரிய ஆணிடம் அடங்கினால் திரும்பப் பெண்ணாகவும் மாறும். அரை அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைப் பாறையடியில் செருகி வையுங்கள். பெண்கள் உள்ளே முட்டையிட, ஆண் வாசலில் காவல் நின்று துடுப்பால் விசிறும். அந்த நாட்களில் குழாயை எடுத்துப் பார்க்காதீர்கள். கலைந்தால் ஆண் முட்டைகளைத் தின்றுவிடக்கூடும்.