வாங்கிய குதிரைக்கு மூட்டுவாதம் என்று தெரிந்தால் பயிற்சியை நிறுத்திவிட வேண்டுமா?

புதிதாக வாங்கிய குதிரைக்குப் பின்னங்காலில் மூட்டுவாதம் இருக்கிறது, இனி அதைப் பழக்கலாமா அல்லது லாயத்திலேயே கட்டி வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டி மட்டும் வைக்காதீர்கள். நான் கால்நடை மருத்துவன் அல்லன். ஆனால் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில், அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் பன்னிரண்டு வயதுக் கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கினேன். அது முன்பு நாட்டியக் குதிரையாக இருந்தது. விற்றவர் நடத்திக் காட்டியபோது நொண்டவே இல்லை. முன்கூட்டியே நடத்தி உடம்பைச் சூடாக்கி வைத்திருப்பார் என்று இன்று நினைக்கிறேன், ஏனெனில் இந்த நோய் உள்ள குதிரைக்கு நின்ற இடத்திலிருந்து புறப்படும்போதுதான் விறைப்பு தெரியும், சற்று நேரம் நடந்தால் அது தளர்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், லாடம் அடிப்பவர் பின்னங்காலை உயர்த்தியதும் அது உதறித் தள்ளியது. திமிர் என்று எண்ணிச் சாட்டையால் அடித்தேன். பிறகு ஒரு வாரம் சிமெண்டுத் தரையில் கட்டி வைத்தேன். எட்டாம் நாள் லாயத்தை விட்டு வெளியே வரவே அது தயங்கியது. மருத்துவர் வந்து, பின்காலை ஒரு நிமிடத்துக்கு மேல் மடக்கிப் பிடித்திருந்து, விட்டவுடன் மெதுவோட்டமாக ஓட்டச் சொன்னார். முதல் பத்தடிக்கு அந்தக் காலை அதனால் ஊன்ற முடியவில்லை. பின்னங்காலின் நடுவில் உள்ள பின்முட்டியின் கீழடுக்கு மூட்டுகளில் இடைவெளி சுருங்கியிருப்பதை எக்ஸ்ரே காட்டியது. அன்று என் கை கூசியது, இப்போதும் கூசுகிறது.

அந்தக் கீழ் மூட்டுகளில் இயல்பாகவே அசைவு குறைவு என்றும், காலப்போக்கில் எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து வலி தணிவதும் உண்டு என்றும் மருத்துவர் விளக்கினார். அவர் சொன்னபடி, கிளுவை வேலி போட்ட எங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் பகல் முழுவதும் அவிழ்த்து விட்டேன். காலையும் மாலையும் கால் மணி நேரம் கையில் பிடித்து நேர்ப்பாதையில் நடத்தினேன். கயிற்றில் வட்டம் சுற்ற விடுவதை அடியோடு நிறுத்தினேன், வளைவில் மூட்டு ஒரு பக்கமாக அழுந்தும். இரண்டு மாதம் கழித்து, தரையில் கிடத்திய நான்கு மூங்கில்களை மெல்லத் தாண்டி நடக்கப் பழக்கினேன். அவித்த கொள்ளைப் படிப்படியாகக் குறைத்துப் புல்லைக் கூட்டியதில் 370 கிலோ எடை நான்கு மாதங்களில் 340 ஆனது. குளம்பை ஆறு வாரத்துக்கு ஒரு முறை சீவி, முனையை நீள விடாமல் பார்த்துக்கொள்கிறோம்.

நோயுள்ள விலங்கின் மேல் ஏறுவது பாவம் என்று சிலர் சொல்வார்கள். 78 கிலோ உள்ள நான் ஏறுவதில்லை. சேணத்தோடு 56 கிலோ வரும் என் மகள்தான், மருத்துவர் அனுமதித்த பிறகு, வாரத்தில் மூன்று நாள், முதல் கால் மணி நேரம் வெறும் நடையாகவே ஓட்டுகிறாள். குதிரை காதைப் பின்னுக்கு மடித்தாலோ அடியைச் சுருக்கி வைத்தாலோ அன்று சேணத்தைக் கழற்றிவிடுவோம்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். மாட்டுக்குப் போடும் வலி ஊசியையே போட்டுவிடுங்கள் என்று எங்கள் பகுதியில் டைக்ளோஃபெனாக்கை நீட்டியவர்கள் பலர். அது போடப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் செத்து விழுந்ததால் 2006-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து அது. மருத்துவர் எழுதிய மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைக்கூட வலி மிகுந்த சில நாட்களுக்கே கொடுத்தோம், ஏனெனில் இவ்வகை மருந்துகள் நீண்ட நாள் சென்றால் குதிரையின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஓட்டுவதற்காக வலியை மறைக்க ஒரு முறையும் கொடுத்ததில்லை.

இன்று அதற்குப் பதினாறு வயது. பின்குளம்பைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் பிடித்தால் உதறுவதில்லை. எந்த மூட்டு என்பதை எக்ஸ்ரேயில் உறுதி செய்யாமல் மூங்கில் பயிற்சியை மட்டும் தொடங்கிவிடாதீர்கள்; நடையை மருத்துவரிடம் கேட்டு இன்றே தொடங்கலாம்.