எஸ் பாஸா, எம்ப்ளாய்மென்ட் பாஸா? சிங்கப்பூர் வேலைக்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: எனக்கு வயது 31. பி.இ. முடித்து, தொழிற்சாலை ஆட்டோமேஷன் மென்பொருளில் வேலை செய்கிறேன். சிங்கப்பூரிலிருந்து இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. ஒன்று பெரிய உற்பத்தி நிறுவனம்: எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் ஊழியருக்கான வேலை அனுமதி), மாதம் 5,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆண்டு முடிவில் இரண்டு மாதச் சம்பளம் நிச்சய போனஸ். இன்னொன்று 18 பேர் மட்டுமே உள்ள மென்பொருள் நிறுவனம்: எம்ப்ளாய்மென்ட் பாஸ் (நிபுணர், மேலாளர் நிலைக்கான வேலை அனுமதி), மாதம் 7,500 வெள்ளி, போனஸ் கிடையாது. மனைவியையும் நான்கு வயது மகளையும் கூட்டிப்போக ஆசை. ஊரில் வீட்டுக்கடன் தவணை மாதம் 32,000 ரூபாய். எம்ப்ளாய்மென்ட் பாஸ்தான் மரியாதை, அதை விட்டுவிடாதே என்கிறார்கள் நண்பர்கள். எஸ் பாஸ் என்றால் லெவியில், அதாவது வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் மாதத் தொகையில், பாதியை நான்தான் தர வேண்டும் என்கிறார் ஏஜென்ட். எதை எடுப்பது?

பதில்: முதலில் ஏஜென்ட் விஷயத்தை முடித்துவிடுவோம். எஸ் பாஸ் ஊழியருக்கான லெவி மாதம் 650 வெள்ளி. அதைக் கட்ட வேண்டியவர் முதலாளி. ஊழியரின் சம்பளத்திலிருந்து அதைப் பிடிப்பதோ, வேறு வழியில் திரும்ப வாங்குவதோ சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம். நிறுவனமே இப்படிக் கேட்கிறதா, அல்லது ஏஜென்ட் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டதா என்று நிறுவனத்திடமே மின்னஞ்சலில் கேளுங்கள். நிறுவனம்தான் கேட்கிறது என்றால் அந்த வேலையே வேண்டாம். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் 7,500 என்ற எண்ணைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது 45 வெள்ளி என்ற எண்ணை.

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி. ஆனால் அது 23 வயதுக்காரருக்கு. வயது ஏற ஏற வரம்பும் ஏறி, 45 வயதில் 10,700 ஆகிறது. 31 வயதில் உங்களுக்கான வரம்பு சுமார் 7,455. உங்களுக்குத் தருவதோ 7,500. நடுவே இருப்பது வெறும் 45 வெள்ளி. முதல் பாஸ் அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குத்தான் கிடைக்கும். புதுப்பிக்கும்போது உங்களுக்கு 33 வயது, இன்றைய அட்டவணைப்படியே வரம்பு 7,900-ஐத் தாண்டிவிடும். அட்டவணையும் இப்படியே இருக்கப்போவதில்லை. அடிப்படை வரம்பு 2020 செப்டம்பரில் 4,500, 2022 செப்டம்பரில் 5,000, 2025-ல் 5,600 என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 18 பேர் கொண்ட நிறுவனம் இரண்டு ஆண்டுக்குள் உங்களுக்கு ஐந்நூறு, அறுநூறு வெள்ளி உயர்த்தித் தருமா? நல்ல ஆண்டாக இருந்தால் தரலாம்.

அதற்கு முன்பே இன்னொரு வாசல் இருக்கிறது. சம்பள வரம்பைத் தாண்டினால் மட்டும் போதாது, காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளி எடுக்க வேண்டும். சின்ன நிறுவனத்துக்கு இதில் ஒரு சலுகை உண்டு. நிபுணர், மேலாளர் நிலையில் 25 பேருக்குக் குறைவாக இருந்தால், ஊழியர்களின் நாட்டுக் கலவைக்கு 10, உள்ளூர்வாசி வேலைவாய்ப்புக்கு 10 என்று தானாகவே கிடைத்துவிடும். உங்கள் பட்டத்துக்குச் சரிபார்ப்பு முடிந்தபின் 10 என்று வைத்துக்கொள்வோம். ஆக 30. மீதிப் பத்து சம்பளத்திலிருந்து வர வேண்டும். அங்கே உங்களை ஒப்பிடுவது அதே துறையில் உள்ள உள்ளூர் நிபுணர்களின் சம்பளத்தோடு. அவர்களில் 65 விழுக்காட்டினர் வாங்குவதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால்தான் அந்தப் பத்து. மென்பொருள் துறையில் அந்த அளவுகோல் 7,500-க்கு மேலே நின்றால் பூஜ்யம்தான். உங்கள் வேலை பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் இருந்தால் கூடுதல் புள்ளி வந்து காப்பாற்றும், அதையும் கேட்டுப் பாருங்கள். மனிதவள அமைச்சின் இணையதளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது. அதில் உங்கள் விவரங்களைப் போட்டு வந்த முடிவை அனுப்பச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. தயங்குகிற நிறுவனத்தின் வாய்மொழி உறுதியை நம்பி இங்கே ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள்.

பணத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் பக்கம்தான் தட்டு தாழ்கிறது, அதை மறைக்க வேண்டாம். அங்கே ஆண்டுக்கு 90,000 வெள்ளி. எஸ் பாஸ் வேலையில் போனஸையும் சேர்த்து 72,800. மனைவி, குழந்தைக்கான கழிவுகள் போக வருமான வரி முறையே சுமார் 3,700, சுமார் 2,350. வரிக்குப் பிறகும் கிட்டத்தட்ட 15,900 வெள்ளி வித்தியாசம். சின்னத் தொகை இல்லை. ஆனால் அது இரண்டு ஆண்டு ஓடினால்தான் உங்கள் பணம்.

எஸ் பாஸ் பக்கம் நிலைமை நேர்மாறு. 31 வயதில் அதற்கான வரம்பு சுமார் 3,850தான். நீங்கள் அதற்கு வெகு மேலே நிற்கிறீர்கள், புதுப்பிக்கும்போது சம்பளம் ஒரு பிரச்சினையே அல்ல. அங்கே ஆபத்து வேறு இடத்தில்: ஒதுக்கீடு. உற்பத்தித் துறையில் எஸ் பாஸ்காரர்கள் மொத்த ஊழியரில் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. உள்ளூர் ஆட்கள் குறைந்தால் அந்தக் கணக்கும் சுருங்கும். ஒதுக்கீட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேளுங்கள், பெரிய நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு அது கையில் இருக்கிற எண். இன்னொன்று, எஸ் பாஸ் என்றால் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீட்டை முதலாளி எடுத்தே ஆக வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸில் அந்தக் கட்டாயம் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. குடும்பத்துக்கான காப்பீடு இரண்டிலும் உங்கள் பாடு.

இப்போது குடும்பம். மனைவிக்கும் மகளுக்கும் டிபென்டன்ட் பாஸ் (உடன் தங்கும் குடும்பத்தாருக்கான அனுமதி) வாங்க, எந்தப் பாஸாக இருந்தாலும் உங்கள் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். 5,200-ல் முடியாது. போனஸ் இந்தக் கணக்கில் சேராது, ஓவர்டைமும் சேராது. ஆனால் உங்கள் 72,800-ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: 6,066. நிறுவனம் உங்களுக்காக ஒதுக்கியிருக்கும் அதே பணம்தான். ‘மாதம் 6,000 நிலையான சம்பளம், மீதி 800 ஆண்டு முடிவில்’ என்று மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். நிறுவனத்துக்குச் செலவு அப்படியே நிற்கிறது, லெவியும் மாறாது. போனஸைக் காட்டி ஆளைப் பிடித்து வைக்கும் வசதி போகிறதே என்று முகம் சுளிக்கலாம். அப்படியானால் தகுதிகாண் காலம் முடிந்ததும் 6,000 ஆக்குவதாக எழுத்தில் கேளுங்கள், ஆறு மாதம் கழித்துக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்.

அப்படி மாற்றித் தந்தால் என் வாக்கு எஸ் பாஸுக்கு. மறுத்துவிட்டால், மற்ற நிறுவனத்தின் சுயமதிப்பீட்டில் 40 புள்ளி தெளிவாக வந்து, இரண்டாம் ஆண்டு ஊதிய உயர்வும் ஒப்பந்தத்தில் ஏறினால், அதை எடுங்கள். நிரந்தரவாசத்துக்கு இரண்டு பாஸிலிருந்தும் விண்ணப்பிக்கலாம், ஆகவே மரியாதைப் பேச்சுக்கு மதிப்பெண் போட வேண்டாம்.

மனைவி வேலைக்குப் போவார் என்று இப்போதே பட்ஜெட் போடாதீர்கள். 2021 மே மாதத்திலிருந்து டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை பார்க்கத் தனக்கென்று ஒரு வேலை அனுமதி வாங்க வேண்டும். மகளுக்கு அரசுத் தொடக்கப்பள்ளியில் இடம் நிச்சயமில்லை, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிச் சுற்றில்தான் சேர்க்கை.

அப்புறம், மாதச் சம்பளம் முழுசாகக் கைக்கு வரும். நம்ம ஊர் பி.எஃப். போன்ற மத்திய சேமநிதிப் பிடித்தம் உங்களுக்குக் கிடையாது, வரியையும் மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள், அடுத்த ஆண்டுதான் மொத்தமாகக் கேட்பார்கள். ஆகவே மாதம் 200 வெள்ளி வரிக்கென்று தனியே போடுங்கள், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் 310. ஓய்வுக்காலச் சேமிப்பும் நீங்களே செய்ய வேண்டியது. இந்தியாவில் உள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) ஆக மாற்றி, வீட்டுக்கடன் தவணையை அதிலேயே ஓட விடுங்கள்.

வேலை போனால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். இந்த இரண்டு பாஸுமே அந்தந்த முதலாளியோடு கட்டப்பட்டவை. பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள் தங்கலாம், அதற்குள் புது முதலாளி விண்ணப்பிக்க வேண்டும். அதே சமயம் வரிக் கணக்கு முடியும்வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை முதலாளி நிறுத்தி வைப்பார், அது சட்டம். கடைசிச் சம்பளம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைக்கு வராது. மூன்று மாத வாடகை, மூன்று மாதத் தவணை, மூன்று பேருக்கு விமானக் கட்டணம்: குடும்பத்தை அழைப்பதற்கு முன் இந்தத் தொகை சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் இருக்கட்டும்.